டென்னிஸ் தரவரிசைப் புள்ளிகளை நாமே கணக்குப் போடுவது எப்படி?

டென்னிஸ் பார்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருவர் காலிறுதி வரை பிரமாதமாக ஆடியிருப்பார். மறுநாள் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் இரண்டு இடம் கீழே கிடப்பார். ஜெயித்தால் ஏறத்தானே வேண்டும்? ஒரு தாளை எடுங்கள், போட்டே பார்த்துவிடலாம்.

படி 1: போட்டியின் தரத்தைப் பாருங்கள்

ஆண்களுக்கான ஏடிபி போட்டிகளில் இது சுலபம், பெயரிலேயே விடை இருக்கிறது. மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்றால் 1000 புள்ளி, ஏடிபி 500-க்கு 500, ஏடிபி 250-க்கு 250. விம்பிள்டன் போன்ற மிகப் பெரிய போட்டிகளான நான்கு கிராண்ட்ஸ்லாம்களுக்கும் தலா 2000.

படி 2: எந்தச் சுற்றோடு வெளியேறினார்?

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றால் 10. இரண்டாம் சுற்றில் 50, மூன்றாவதில் 100, நான்காவதில் 200, காலிறுதியில் 400, அரையிறுதியில் 800. இறுதிப்போட்டியில் தோற்றவருக்கு 1300. பெண்களுக்கான டபிள்யூடிஏ கணக்கிலும் பட்டத்துக்கு 2000தான். நடுவில் மட்டும் மாறும், அரையிறுதிக்கு 780, காலிறுதிக்கு 430.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: சுற்றுக்குச் சுற்று புள்ளிகளைக் கூட்டக் கூடாது. கடைசியாக எட்டிய சுற்றுக்கு என்ன உண்டோ, அது மட்டும்தான்.

படி 3: போன வருஷக் கணக்கைக் கழியுங்கள்

புள்ளிகளின் ஆயுள் 52 வாரம். அதே போட்டி மறுபடி வரும்போது பழைய புள்ளி போய்விடும், புதியது அந்த இடத்துக்கு வரும். ஒருவரிடம் 3150 புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் இதே கிராண்ட்ஸ்லாமில் அரையிறுதி, இந்த வருஷம் காலிறுதி.

3150 − 800 + 400 = 2750

நான்கு ஆட்டம் ஜெயித்தும் 400 நஷ்டம்! பின்னால் 2800-இல் இருந்தவர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் முந்திவிடலாம். மாறாக, போன வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றவர் இந்தக் காலிறுதியை எட்டினால் அவருக்கு 390 லாபம். வர்ணனையாளர்கள் ‘புள்ளிகளைத் தக்கவைக்க வேண்டும்’ என்று பதறுவதெல்லாம் இதற்காகத்தான்.

2022 விம்பிள்டனில் இது உச்சத்துக்குப் போனது. ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்கு விம்பிள்டன் அமைப்பாளர்கள் தடை விதித்ததால் அந்த ஆண்டு அங்கே யாருக்கும் தரவரிசைப் புள்ளி கிடையாது என்று ஏடிபியும் டபிள்யூடிஏவும் சொல்லிவிட்டன. ஜோகோவிச் கோப்பையை வென்றார். 2021-இல் அங்கே வாங்கிய 2000 புள்ளி கழிந்தது, பதிலுக்கு வந்தது பூஜ்ஜியம். மூன்றாம் இடத்திலிருந்து ஏழுக்கு இறங்கினார், கையில் கோப்பையோடு.

படி 4: எல்லாப் போட்டியும் கணக்கில் வராது

கிராண்ட்ஸ்லாம் போன்ற பெரிய போட்டிகள் கட்டாயம் சேரும். சின்னப் போட்டிகளில் சிறந்த சில முடிவுகளை மட்டுமே எடுப்பார்கள். அதனால் வாரந்தோறும் ஆடிக் குவித்துவிடலாம் என்ற திட்டம் பலிக்காது.

அப்புறம், நேரலைத் தரவரிசை காட்டும் தளங்களைப் பார்த்துப் பதறாதீர்கள். போட்டி தொடங்கும்போதே பழைய புள்ளியைக் கழித்துவிடுவார்கள். உங்கள் அபிமான வீரர் முதல் நாளே சரிந்து கிடந்தால், மூன்றாம் படிக் கணக்கில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.