ஸ்பிடி பாதையில் வண்டி படுத்துவிட்டால்

இமாச்சலில் மணாலியிலிருந்து ஸ்பிடி பள்ளத்தாக்கின் காஸா போகும் வழியில், கிராம்ஃபூ என்ற இடம் தாண்டி பாதல் வரை பல இடங்களில் உருண்டைக் கல்லும் பனி உருகி வரும் ஓடையும்தான், அதனால் மூன்று வண்டியாவது சேர்ந்து, பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரிகிற தூரத்திலேயே போங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீரும் ஏறும்.

ஆயில் லைட் எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், கல் அடித்துக் கசிந்தால், பிசுக்குப் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, எம்-சீல் என்ற இரு பகுதிப் பசையை நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து அப்புங்கள், குளிரில் இறுக நேரமாகும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அப்புறம் ஆயில் ஊற்றி மெதுவாக ஓட்டலாம்.

கட்டி இழுப்பதென்றால் கயிற்றை டோ ஹுக்கில், அதாவது இழுப்பதற்கென்றே வண்டியில் உள்ள கொக்கியில், மட்டும் மாட்டுங்கள், பம்பரில் வேண்டவே வேண்டாம், கயிற்றருகே யாரும் நிற்கக் கூடாது.