உயர்தர ஸ்பீக்கருக்கு அம்பிளிபயர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை வீடுகளில் இருக்கும் உயர்தர ஸ்பீக்கர்களில் பல, கடையில் கேட்டுப் பார்த்து வாங்கியவை அல்ல. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அண்ணனோ மச்சானோ வீடு மாறும்போது கப்பலில் அனுப்பிவிடுகிறார். அல்லது ஊருக்குத் திரும்புகிறவர் தளபாடங்களோடு கொண்டுவருகிறார். பெட்டி கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதை எதைக் கொண்டு இயக்குவது என்ற தேடல் தொடங்குகிறது. கையில் இருக்கிற அம்பிளிபயரோ, தெரிந்தவர் விற்க வைத்திருக்கும் ஒன்றோ இணைக்கப்படுகிறது. நல்ல ஸ்பீக்கர் ஒன்று மெலிந்தும் கரகரத்தும் ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகும், ஏனெனில் பெரும்பாலும் பிழை ஸ்பீக்கரில் இல்லை. அது கேட்பதை அம்பிளிபயர் கொடுக்கவில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வாற்று என்பதையே. ஆனால் அதற்கு முன்னர் கேட்க வேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு மீற்றர் தொலைவில் அது எத்தனை தெசிபெல் ஒலி தரும் என்பது. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரின் உணர்திறன் 82, 83 தெசிபெல் அளவில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1940களில் உருவான கிளிப்ஷ்ஹோர்ன் என்ற கொம்பு வடிவ ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் 105 தெசிபெல் என்று குறிப்பிடுகிறார். 10 தெசிபெல் கூட்டுவதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும் என்பதால், கிளிப்ஷ்ஹோர்னுக்கு 1 வாற்று போதுமான இடத்தில் எல்எஸ்3/5ஏக்கு 100 வாற்றுக்கும் மேல் தேவைப்படுகிறது. கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய கொம்பு ஸ்பீக்கர், சிறிய அம்பிளிபயரைக் கொண்டே அடுத்த ஊர்வரை கேட்பதும் இதனால்தான். 50 வாற்றை விட்டு 100 வாற்றுக்கு மாறுகிறவருக்குக் கிடைப்பது வெறும் 3 தெசிபெல். அது காதுக்குச் சிறிய வித்தியாசமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 வாற்றுக்கு 86 தெசிபெல் தரும் ஸ்பீக்கர் இரண்டு, கேட்பவர் 3 மீற்றர் தள்ளி அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கூடத்தில் அந்தத் தொலைவுக்குச் சுமார் 6 தெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 தெசிபெல் கூடும். ஆகவே ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 1 வாற்று கொடுத்தால் 83 தெசிபெல் கிடைக்கிறது. இது நிறைவான சத்தம். ஆனால் நாதஸ்வரக் கச்சேரியில் தவிலின் தொப்பியில் கழி விழும் அந்தக் கணத்துக்கு, சராசரியைவிட 20 தெசிபெல் மேலே போக இடம் வேண்டியிருக்கலாம். அதற்கு 100 வாற்று. அந்த இடம் இல்லாத அம்பிளிபயர் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட அலையில் புதிதாக முளைக்கும் உயர் மீடிறன்களும் தொடர்ச்சியான சூடும், ஸ்பீக்கர் பெட்டிக்குள் உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சிறிய பகுதியான ட்வீட்டரைச் சேர்கின்றன. சிறிய அம்பிளிபயர்தானே, ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று நினைத்து வொலியூமைக் கடைசிவரை திருப்புகிறவர்களின் ட்வீட்டர்தான் எரிகிறது.

அடுத்தது ஓம் விவகாரம், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடங்கலின் அளவு. மிகுதியான பொருத்தங்கள் கெடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஸ்பீக்கரின் பின்புறத்தில் எழுதியிருக்கும் 8 ஓம் அல்லது 4 ஓம் என்பது பெயரளவு மட்டுமே. உண்மையான தடங்கல் மீடிறனுக்கு மீடிறன் ஏறி இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் ஐஇசி 60268-5 நியமத்தின்படி அது பெயரளவின் 80 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 8 ஓம் என்று எழுதினால் 6.4 ஓமுக்குக் குறையக் கூடாது. விலையுயர்ந்த பல ஸ்பீக்கர்கள் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஓம் குறையும் இடத்தில் அம்பிளிபயர் கூடுதல் மின்னோட்டம் கொடுத்தாக வேண்டும், அதைத்தான் பல ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியிலிருந்து இயக்கும் மலிவான ஹோம் தியேட்டர் ரிசீவர்களால் கொடுக்க முடிவதில்லை.

உப்புவெளியில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். கனடாவிலிருந்து வந்த, ஆளின் நெஞ்சளவு உயரமான ஸ்பீக்கர் சோடி. இணைத்திருந்தது ஹோம் தியேட்டர் ரிசீவர். பாட்டு மெதுவாகப் போகும்வரை குறையில்லை. தனி ஆவர்த்தனம் சூடேறியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே எல்லாம் மௌனம். ஸ்பீக்கர் பழுது என்றே வீட்டார் முடிவுசெய்திருந்தார்கள். டோர்ச் அடித்து ரிசீவரின் பின்புறத்தைப் பார்த்தால், 6 முதல் 16 ஓம் வரை மட்டும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஸ்பீக்கரோ 4 ஓம், தாழ்ந்த சுரங்களில் 3 ஓம் அளவுக்கு இறங்கக்கூடியது. 8 ஓமில் 60 வாற்றும் 4 ஓமில் 110 வாற்றும் தரும், தூக்கக் கனமான பழைய ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்றை இரவல் வாங்கி மாற்றினோம். ரிசீவரின் பெட்டியில் எழுதியிருந்த வாற்றில் பாதிதான், ஆனால் அதே தவில் அன்று முழுமையாகக் கேட்டது. 4 ஓமில் வலு ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்று பார்ப்பதே நான் நம்பும் சோதனை. ரிசீவர்களின் வாற்றுக் கணக்கு பல வேளைகளில் ஒரேயொரு சனலை மட்டும் ஓட்டி, அதிக சிதைவை அனுமதித்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உணர்திறனை ஒப்பிடும்போதும் ஓமை மறக்கக் கூடாது. அளவு பெரும்பாலும் 2.83 வோல்ற்றில் எடுக்கப்படுகிறது. 8 ஓமில் அது 1 வாற்று, 4 ஓமில் 2 வாற்று. ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் 90 தெசிபெல் என்பது உண்மையில் 1 வாற்றுக்கு 87தான்.

கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு இயங்கும் வால்வு அம்பிளிபயரை விரும்புகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் வெளியீட்டுத் தடங்கல் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கும்போது ஒலியின் சமநிலையும் கூடவே மாறும். ஓம் பெரிதாக ஏறி இறங்காத, உணர்திறன் மிக்க ஸ்பீக்கரோடு அது மிக அழகாகச் சேரும். மற்றவற்றோடு சேர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து அம்பிளிபயரும் பிளேயரும் சேர்ந்து வந்தால், பிளக்கைச் செருகுமுன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். நமக்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ற்று. பிளக்கின் தலையை மட்டும் மாற்றிச் செருகியவரின் அம்பிளிபயர் அந்த நிமிடமே புகைந்துவிடும். நிலைமாற்றி வைத்தால் வோல்ற்று சரியாகிவிடும், ஆனால் ஹேர்ட்ஸ் மாறாது. மின்வழங்கலின் ஹேர்ட்ஸைப் பின்பற்றி இசைத்தட்டைச் சுழற்றும், கனடாவிலிருந்து வந்த பழைய ரேர்ன்டேபிள் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். 33⅓ சுற்று 28க்குச் சற்றுக் கீழே விழும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். அதை ஸ்பீக்கரின் கோளாறு என்று எண்ணி அலைந்தவர்களையும் நான் அறிவேன்.

அம்பிளிபயருக்குப் பாட்டை அனுப்பும் மூலக்கருவியைப் பொறுத்தவரை பெரிய தவறு மின்னழுத்த மட்டம் பொருந்தாமை. சீடி பிளேயர், டிஜிற்றல் ஒலியை மின்னலையாக மாற்றும் டாக் போன்றவை உச்சத்தில் சுமார் 2 வோல்ற்று தருகின்றன. பழைய அம்பிளிபயர்களுக்கோ 0.2 வோல்ற்றிலேயே முழு வலு வந்துவிடும். வொலியூமைச் சற்றுத் தொட்டாலே சத்தம் பாய்வதும், அந்தத் தொடக்க நிலையில் இடமும் வலமும் சமமாக இல்லாமல் பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதும் இதனால்தான். இடையில் மட்டத்தைக் குறைக்கும் ஓர் அற்றெனுவேற்றர் வைத்தால் போதும். ரேர்ன்டேபிளின் கதை நேரெதிர். இசைத்தட்டு ஊசியின் இரு வகைகளில் மூவிங் மக்னெற் ஊசி ஏறக்குறைய 5 மில்லிவோல்ற்றும், மூவிங் கொயில் ஊசி பெரும்பாலும் அதில் பத்திலொன்றும் மட்டுமே தருவதால், ஃபோனோ உள்ளீடு இல்லாத அம்பிளிபயரின் சீடி துளையில் நேரே செருகினால் ஒலி மெலிந்து, அடிநாதமே இல்லாமல் வரும். அந்தச் சிறிய சமிக்ஞையைப் பெருக்கி அடிநாதத்தைச் சரிசெய்யும் தனி ஃபோனோ பிரீஅம்ப் கட்டாயம். தொலைபேசியிலிருந்து புளூடூத்தில் கேட்பது வசதிதான், ஆனால் அது ஒலியின் ஒரு பகுதியைக் களைந்தே அனுப்புகிறது. இந்தத் தரத்து ஸ்பீக்கருக்கு ஒரு கேபிளையாவது ஒதுக்குங்கள்.

கேபிளுக்குப் பெரும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 10 மீற்றர் ஓட்டத்துக்குப் போய்வரும் தடையாக 0.14 ஓம்தான் வைக்கிறது. நம்மூரில் கவனிக்க வேண்டியது வேறு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலோர வீடுகளில் வெறும் செப்பு முனை சீக்கிரமே பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. நல்ல அம்பிளிபயருக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும் நடுவில் அந்தக் களிம்பு நின்றால் சத்தம் விட்டுவிட்டு வரும். ஐப்பசி பிறக்குமுன் செற்றை நிறுத்தி, முனைகளைக் கழற்றி, களிம்பேறிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுச் செம்பைச் சீவியெடுத்து, முடிந்தால் பூச்சிட்ட பனானா பிளக் போட்டு இறுக்கி வையுங்கள்.