நீரில் ஒரு சோடியம் அயனி: மூலக்கூறு இயக்கவியல் கணக்கீட்டைச் செய்யும் முறை

வெற்றிடத்தில் ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் அரை நானோமீட்டர் இடைவெளியில் இருந்தால், அவற்றைப் பிணைக்கும் மின்னிலை ஆற்றல் ஏறக்குறைய 278 கிலோஜூல்/மோல் ஆகும். அறை வெப்பநிலையில் வெப்ப அசைவின் அளவு வெறும் 2.5 கிலோஜூல்/மோல் என்பதால், அவை பிரிவதற்கு வழியே இல்லை. அதே இரண்டு அயனிகளையும் நீருக்குள் வைத்தால், நீரின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்விசையை அது எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண், சுமார் 78 ஆக இருப்பதால், அந்தப் பிணைப்பு நான்கு கிலோஜூலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, உப்பு கரைகிறது. அயனி மாறவில்லை, அதைச் சுற்றியிருப்பதுதான் மாறியிருக்கிறது. ஆகவே, அயனியைக் கணினியில் உருவகப்படுத்துவது என்றால் முதலில் அதன் சூழலைச் சரியாக உருவகப்படுத்துவது என்றே பொருள். இந்த வழிகாட்டியில் அதற்கான மிகச் சிறிய எடுத்துக்காட்டை, அதாவது ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி, சுமார் 900 நீர் மூலக்கூறுகள் ஆகியவற்றைக் கொண்ட அமைப்பை, தொடக்கம் முதல் அளவீடு வரை செய்துபார்ப்போம். க்ரொமாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளும் ஒரு சாதாரண மேசைக் கணினியும் இதற்குப் போதும்.

மூலக்கூறு இயக்கவியலின் அடிப்படை எளிமையானது. ஒவ்வோர் அணுவையும் நிறையும் மின்னூட்டமும் கொண்ட ஒரு புள்ளியாகக் கொண்டு, மற்ற அணுக்கள் அதன்மேல் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அதை மிகச் சிறிய காலஅடி ஒன்று நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிட வேண்டும். ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான் 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு திரவ ஆர்கானை உருவகப்படுத்தியதும், பின்னர் 1971இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டதும் இந்த வழியில்தான். இன்று நாம் செய்வது அதன் நேரடித் தொடர்ச்சி.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு நீர் மாதிரியைப் பற்றியது, அதாவது நீர் மூலக்கூறின் வடிவத்துக்கும் மின்னூட்டங்களுக்கும் எந்த எண்களைக் கொள்வது என்பது. இதில் அவசரம் கூடாது. தனியாக, வாயு நிலையில் இருக்கும் நீர் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது அதன் நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிந்து நிற்கும் அளவு, டிபை என்ற அலகில் 1.85. ஆனால் 1987இல் பெரண்ட்சன் குழுவினர் வெளியிட்ட எஸ்பிசி/இ மாதிரியில், ஆக்சிஜனுக்கு −0.8476, ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் +0.4238 என்ற மின்னூட்டங்கள் தரப்பட்டிருப்பதால், அது 2.35 டிபை ஆகிறது. இந்தக் கூடுதல் பிழையன்று. திரவத்தில் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் அண்டை மூலக்கூறுகள் முனைவுறச் செய்கின்றன. அந்த விளைவின் சராசரியைத்தான் மாதிரியை உருவாக்கியவர்கள் மின்னூட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதை மறந்துவிட்டு, திரவத்துக்காக வடிக்கப்பட்ட மாதிரியை வாயுவுக்கோ எண்ணெய்ப் பரப்புக்கோ அப்படியே எடுத்துச் சென்றால், இல்லாத சூழலின் விளைவு கணக்கில் புகுந்துவிடும்.

அயனியின் அளவுருக்களும், அதாவது அதன் பருமையையும் ஈர்ப்பையும் குறிக்கும் எண்களும், அந்த நீர் மாதிரிக்கென்றே பொருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். ஜோங், சீத்தம் இருவரும் 2008இல் எஸ்பிசி/இ, டிப்3பி, டிப்4பி-இடபிள்யூ ஆகிய நீர் மாதிரிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அயனி அளவுருக்களைத் தந்ததன் காரணம் இதுதான். ஒரு மாதிரிக்கான அயனியை இன்னொரு மாதிரியின் நீரில் போட்டால், கணக்கு நிற்காமல் ஓடும், எச்சரிக்கையும் வராது; ஆனால் உப்பு தன் கரைதிறனுக்கு வெகு கீழேயே கட்டிக்கட்டியாகச் சேரக்கூடும். எனவே தொடங்கும் முன் எந்த அயனி எந்த நீருக்கானது என்பதைக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெட்டி. 3 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பருமன் 27 கன நானோமீட்டர். ஒரு கன நானோமீட்டரில் ஏறத்தாழ 33 நீர் மூலக்கூறுகள் இருக்கும் என்பதால், 900 என்ற எண்ணிக்கை வந்துவிடுகிறது. பெட்டியின் சுவர் நீரைப் பாதிக்காமலிருக்க, எல்லாத் திசைகளிலும் அதே பெட்டி திரும்பத்திரும்ப அடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்கிறோம். வலப்புறம் வெளியேறும் மூலக்கூறு இடப்புறம் நுழைகிறது. அப்போது அயனி தன் சொந்தப் பிரதியையே பார்க்கும் ஆபத்து இருப்பதால், குறுகிய வீச்சு விசைகளின் வெட்டுத்தொலைவு, அதாவது அதற்கு அப்பால் விசையைக் கணக்கிடாமல் விடும் தொலைவு, பெட்டிப் பக்கத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நமக்கு 1.0 நானோமீட்டர் போதுமானது.

மின்னூட்டங்களுக்கிடையேயான விசையை மட்டும் அந்தத் தொலைவில் வெட்டிவிடாதீர்கள். நீரால் மட்டுப்படாத நிலையில், 1 நானோமீட்டர் தொலைவிலும் இரண்டு அலகு மின்னூட்டங்களின் ஆற்றல் 139 கிலோஜூல்/மோல் அளவில் இருக்கிறது. அதைத் திடீரென்று சுழியாக்கினால், வெட்டு எல்லையில் நீர் மூலக்கூறுகள் செயற்கையாக அணிவகுக்கத் தொடங்கும். டார்டன், யார்க், பெடர்சன் ஆகியோர் 1993இல் தந்த துகள்-வலை எவால்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், நீண்ட வீச்சுப் பகுதியும் கணக்கில் வரும். பெட்டியின் நிகர மின்னூட்டம் சுழியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே குளோரைடு அயனியையும் சேர்க்கிறோம்.

காலஅடி 2 ஃபெம்டோநொடி (ஒரு பிக்கோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோநொடி; ஒரு நானோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிக்கோநொடி). ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு முறை அதிர ஏறக்குறைய 10 ஃபெம்டோநொடிதான் ஆகும் என்பதால், எஸ்பிசி/இ போன்ற விறைப்பான மாதிரியில் பிணைப்பு நீளத்தைக் கட்டுப்படுத்திய பிறகே இந்த அளவு பாதுகாப்பானது. பிணைப்பு அதிரும் மாதிரியானால் 1 ஃபெம்டோநொடிக்கோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும். வெப்பநிலையை 298 கெல்வினில் நிறுத்த, பூசி, டொனாடியோ, பாரினெல்லோ ஆகியோர் 2007இல் முன்வைத்த திசைவேக மறுஅளவீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். பழைய பெரண்ட்சன் முறை சராசரி வெப்பநிலையைச் சரியாகக் காட்டினாலும் ஏற்றஇறக்கங்களை அடக்கிவிடுகிறது. நீண்ட ஓட்டத்தில் உள் அதிர்வுகளின் ஆற்றல் சிறிது சிறிதாக உறிஞ்சப்பட்டு, மொத்த அமைப்பும் உறைந்த கட்டியாக ஒரே திசையில் நகரும் நிலைகூட அதனால் ஏற்படும். துறையினர் அதைப் பறக்கும் பனிக்கட்டி என்றே அழைக்கிறார்கள். நிறைமையத்தின் இயக்கத்தை அவ்வப்போது நீக்கும் அமைப்பையும் இயக்கிவையுங்கள்.

ஓட்டங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆற்றல் சிறுமமாக்கல், அதாவது ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் அணுக்களைச் சற்று நகர்த்தி ஆற்றலைக் குறைப்பது. மிகப்பெரிய விசை 1000 கிலோஜூல்/மோல்/நானோமீட்டருக்குக் கீழே வந்தால் போதும். பிறகு மாறாப் பருமனில் 100 பிக்கோநொடி, அதன்பின் 1 பார் அழுத்தத்தில் சில நூறு பிக்கோநொடி, கடைசியாக 10 நானோநொடி அளவீட்டு ஓட்டம், அதாவது 50 இலட்சம் அடிகள். இவற்றில் மூன்றாவதான 1 பார் அழுத்தப் படியை நான் ஒருமுறை தேவையற்றதென்று கருதி விட்டுவிட்டேன். பெட்டியை நீரால் நிரப்பும்போது ஓரங்களிலும் அயனியைச் சுற்றியும் இடம் விடுபட்டு, அடர்த்தி சில விழுக்காடு குறைந்தே இருக்கும். அந்தக் குறைவுடனேயே ஒரு வாரம் ஓட்டினேன். வெப்பநிலை ஒழுங்காக இருந்ததால் ஐயம் எழவில்லை. கடைசியில் அழுத்தத்தின் சராசரியைப் பார்த்தபோது அது பல நூறு பார் அளவுக்கு எதிர்க்குறியில் நின்றது. இழுத்துப்பிடிக்கப்பட்ட நீரில் அயனியை அளந்திருக்கிறேன். கணநேர அழுத்தம் இவ்வளவு சிறிய பெட்டியில் எப்போதுமே பல நூறு பார் ஏறியிறங்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பார்க்க வேண்டியது சராசரியையும், கன மீட்டருக்கு ஏறக்குறைய 1000 கிலோகிராமில் நிலைபெறும் அடர்த்தியையும்.

இனி அளவீடு. சோடியத்துக்கும் நீரின் ஆக்சிஜனுக்கும் இடையிலான ஆரப் பரவல் சார்பை, அதாவது அயனியிலிருந்து ஒவ்வொரு தொலைவிலும் ஆக்சிஜன் சராசரியைவிட எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்பதை, வரையுங்கள். 0.2 நானோமீட்டர் வரை ஒன்றுமே இருக்காது. பிறகு வரைகோடு செங்குத்தாக எழுந்து 0.24 நானோமீட்டரில் கூர்மையான முகட்டைத் தொட்டு, 0.32 அருகே ஏறக்குறையத் தரைமட்டத்துக்கு இறங்கும். அந்தப் பள்ளம் வரை தொகையிட்டால் ஐந்தரை முதல் ஆறு வரையான எண் கிடைக்கும்: சோடியத்தைச் சுற்றி நிற்கும் முதல் வளையத்து நீர் மூலக்கூறுகள் அவைதாம். ஓட்டத்தின் ஏதாவதொரு தருணத்தின் படத்தைத் திரையில் திறந்து பாருங்கள். ஆறு ஆக்சிஜன்களும் அயனியை நோக்கியிருக்க, ஹைட்ரஜன்கள் அனைத்தும் வெளிப்புறம் திரும்பியிருக்கும். குளோரைடைச் சுற்றியோ நிலை தலைகீழ்: ஒவ்வொரு நீரும் தன் ஒரு ஹைட்ரஜனை மட்டும் அதனிடம் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆக்சிஜனின் முகடு 0.32 நானோமீட்டருக்கு நகர்ந்திருக்கும். இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்றும் சலிக்கவில்லை.

விரவல் குணகத்தை, அதாவது மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதை, அளக்க நினைப்பவர்கள் பெட்டியின் அளவை நினைவில் வைக்க வேண்டும். பிரதிகளின் ஓட்டத் தடையால் சிறிய பெட்டியில் விரவல் குறைத்தே கிடைக்கும் என்பதை 2004இல் யே, ஹம்மர் இருவரும் காட்டினார்கள். 3 நானோமீட்டர் பெட்டியில் நீருக்கு இந்தக் குறைவு பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும். அவர்களுடைய திருத்தத்தைச் சேருங்கள், அல்லது மூன்று வெவ்வேறு பெட்டிகளில் அளந்து, பக்க நீளத்தின் தலைகீழிக்கு எதிராக வரைந்து சுழிக்கு நீட்டுங்கள். எந்த எண்ணையும் ஒரே ஓட்டத்திலிருந்து எழுதாமல், தொடக்கத் திசைவேகங்களை மாற்றி மூன்று முறையாவது ஓட்டி, அவற்றுக்கிடையேயான விலகலைப் பிழை அளவாகத் தாருங்கள்.

சோடியத்துக்குப் பழகிய கை அடுத்து மெக்னீசியத்துக்கு நீளும். அங்கே நிதானம் தேவை. சோடியத்தின் முதல் வளையத்து நீர் பிக்கோநொடிகளில் இடம்மாறுவதால் நம் 10 நானோநொடி ஓட்டத்தில் அந்த மாற்றம் நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்துவிடும். மெக்னீசியத்தில் அது மைக்ரோநொடி அளவில் நிகழ்வதால், அதே ஓட்டத்தில் தொடக்கத்தில் நீங்கள் வைத்த ஆறு நீர் மூலக்கூறுகளே கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது வரும் நேர்த்தியான முகட்டைச் சமநிலையின் சான்றாகக் கொள்ள முடியாது.

பிணைப்பு முறிந்து உருவாகும் வினைகளுக்கு இந்த நிலையான மின்னூட்டங்கள் உதவா. அங்கே வினை நிகழும் சில அணுக்களைக் குவாண்டம் முறையிலும், சுற்றியுள்ள நீரையும் புரதத்தையும் மேலே கண்ட முறையிலும் கணக்கிட வேண்டும். வார்ஷல், லெவிட் இருவரும் 1976இல் லைசோசைம் நொதிக்குச் செய்தது அதுவே. அந்தக் கணக்கைத் தொடங்குபவர்களும் முதலில் செய்ய வேண்டியது, குவாண்டம் பகுதியைச் சுற்றி அமையப்போகும் நீர்ப்பெட்டியைத் தனியே ஓட்டி, அதன் அடர்த்தியும் அழுத்தச் சராசரியும் நிலைபெற்றுவிட்டனவா என்று பார்ப்பதே.