பணி ஓய்வின் முதல் வருஷம்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

கும்பகோணம் மகாமகக் குளத்தைக் காலையில் சுற்றி வரும் கூட்டத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓய்வூதியக்காரர்கள். நாலு சுற்று முடிந்ததும் ஆளுக்கொரு டிகிரி காபி, அதோடு அரை மணி நேரம் ஊர் வம்பு. ஜூன் மாதத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். மே கடைசியில் ஓய்வு பெற்றவர். முதல் நாள் எல்லோருடைய காபிக்கும் அவரே காசு கொடுத்தார். இரண்டாம் நாள், வீட்டில் தன்னைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை என்று வருத்தப்பட்டார். மூன்றாம் நாள், வங்கியில் தனக்குத் திடீரென்று எவ்வளவு மரியாதை என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் தடுக்கி விழுந்த படிகளிலேயே, அதே வரிசையில், இவரும் கால் வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் கணக்கு வாத்தியார். அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம். 2019 மே மாதம் 58 வயதில் ஓய்வு. மறு வருஷமே அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, அதற்கடுத்த வருஷம் 60 ஆக்கியது. அதில் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் இப்போது அடங்கிவிட்டது.

உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், பேரப் பிள்ளைகளோடு பேசுங்கள் என்பதையெல்லாம் உங்கள் டாக்டரும் மருமகளும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அதை நானும் சொல்லப் போவதில்லை.

சமையலறையில் நிர்வாகச் சீர்திருத்தம்

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், டப்பாக்களுக்கெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி 'து.பருப்பு', 'உ.பருப்பு' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது குழப்பம் தருமென்று இடம் மாற்றி வைத்தேன். மறுநாள் காலை அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போய், ரசத்தில் வெந்தயம் விழுந்தது. என் மனைவி கோபப்படவில்லை. "நீங்க ஸ்கூல்லதான் ரிட்டையர் ஆனீங்க. இங்க உங்கள யாரும் அப்பாயின்ட் பண்ணல" என்றார்.

நாற்பது வருஷமாக ஓடும் ஒரு அலுவலகத்துக்குள் மேற்பார்வையாளராக நுழைய முடியாது. கடைநிலை ஊழியராகச் சேரலாம். ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தேங்காய் துருவுவது. தேங்காயை வாங்குவது, உடைப்பது, துருவிய பிறகு அரிவாள்மனையைக் கழுவி வைப்பது வரை என் பொறுப்பு. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டுத்தான் பலர் 'உதவி செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

'சும்மாதானே இருக்கீங்க'

ஒரு தடவை பக்கத்து வீட்டு கரண்ட் பில்லைக் கட்டினால், அப்புறம் தெருவுக்கே கட்ட வேண்டும்.

அடுத்தவர் மாதத்தில் நேர்காணலுக்குப் போவது

எங்கள் காபிக் கூட்டத்தில் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. அவர் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அதுதான் மாதம்; 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இதைக் கேட்டுக் கேட்டு, மாநில அரசில் இருந்த ஒருவர் தனக்கும் நவம்பர்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். ஓய்வூதியம் நின்றதும்தான் கருவூலத்துக்கு ஓடினார்.

தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் இந்த வேலைக்கு நேர்காணல் என்று பெயர். முன்பெல்லாம் அது ஏப்ரல் முதல் ஜூன் வரை. கருவூல வாசலில் தேர்த் திருவிழா மாதிரி கூட்டம் நிற்கும். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். எனக்கு மே. நேரில் போக முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி 70 ரூபாயில் முடித்துக்கொள்ளலாம். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்ததோ, வயதில் தேய்ந்ததோ, என் கட்டைவிரலை மிஷின் மூன்று தடவை ஏற்க மறுத்தது. அப்படி ஆனால் பதற வேண்டாம். செல்போனில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 முதல் இருக்கிறது.

மனைவியின் பெயர்

ஓய்வூதியப் புத்தகத்தில் 'லக்ஷ்மி', ஆதாரில் 'லட்சுமி', வங்கியில் 'லெட்சுமி' என்று இருந்தால் உங்கள் காலத்தில் ஒன்றும் ஆகாது. உங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் தனியாக அலைவார். பிறந்த தேதியையும் பாருங்கள். 80 வயதில் கூடுதல் ஓய்வூதியம் வரும்போது அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள். சரி செய்ய ஒரு மாதம் பிடித்தாலும் இப்போதே செய்யுங்கள்.

வங்கி மேனேஜர் அறையில் காபி

மேலே சொன்னதெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிற தவறுகள். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

2019 ஜூன். பணிக்கொடையும் கம்யூட்டேஷன் பணமும் (ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) கணக்கில் ஏறி நாலு நாள்கூட ஆகவில்லை. வங்கியிலிருந்து போன். "சார், இந்தப் பக்கம் வந்தா உள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இருபது வருஷமாக அதே கிளைதான், கவுன்டரில் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அன்று மேனேஜர் அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். டை கட்டிய ஒரு பையன் வந்தான். என்னிடம் படித்தவர்கள் வயசு. "சார் மேத்ஸ் டீச்சராமே, உங்களுக்கு நான் கணக்கு சொல்லணுமா?" என்றுதான் ஆரம்பித்தான். அந்த ஒரு வரிக்கு விழுந்தேன்.

"சேவிங்ஸ்ல சும்மா கிடக்குதே சார். இது டெபாசிட் மாதிரிதான், ஆனா வட்டி கூட. ஒண்ணரை லட்சம் போதும்." பென்சிலில் டிக் போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் சில விவரங்கள் கேட்டான். உயரம்? 168 சென்டிமீட்டர். எடை? 71 கிலோ. சர்க்கரை உண்டா? கொஞ்சம். அப்பா எந்த வயசில், எதனால் இறந்தார்? அதையும் சொன்னேன்.

வங்கி டெபாசிட்டுக்கு உயரமும் எடையும் எதற்கு? 'கேள்வியை முழுசாப் படிடா' என்று முப்பத்து மூன்று வருஷம் பையன்களை அதட்டியவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போனில் பேசினார். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 'போன் வந்தா எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க சார், சும்மா ஃபார்மாலிட்டி' என்று பையன் முன்பே சொல்லியிருந்தான். அந்தப் பெண் கேட்டார், நான் ஆமாம் என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி ஆமாம். 'பத்து வருடம் பிரீமியம் செலுத்த வேண்டும் என்பது தெரியுமா?' என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. பின்னாளில் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் ஸ்பீடு போஸ்டில் தடிமனாக ஒரு கவர் வந்தது. டெபாசிட் ரசீதுதானே என்று பிரிக்காமலே பீரோவில், என் மகன் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் வைத்தேன்.

2020 ஜூனில் செல்போனில் செய்தி: உங்கள் பிரீமியம் 1,50,000 ரூபாய் செலுத்த வேண்டிய தேதி நெருங்குகிறது. ஊரடங்கு நேரம். பையனின் எண் அணைக்கப்பட்டிருந்தது. மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், "இது இன்ஷூரன்ஸ் கம்பெனி விவகாரம் சார், நாங்க வெறும் ஏஜென்ட்" என்றார். கம்பெனிக்கு எழுதினேன். 'தாங்கள் ஒப்புக்கொண்ட குரல் பதிவு எங்களிடம் உள்ளது' என்று பதில் வந்தது. பின்னணியில் முருங்கைக்காய் விலையும் பதிவாகியிருக்கும்.

இதுவரை நடந்ததை ஏமாற்று என்று சொல்லலாம். இதற்கு மேல் நடந்தது என் மடத்தனம். பத்து வருஷப் பாலிசி அது. அன்றைய விதிப்படி மூன்று வருஷம் கட்டினால்தான் நடுவில் விலகும்போது ஏதாவது திரும்பக் கிடைக்கும். கட்டிய ஒண்ணரை லட்சத்தைக் காப்பாற்ற இன்னொரு ஒண்ணரை லட்சம் கட்டினேன். மூன்றாவது வருஷமும் செக் எழுத உட்கார்ந்தபோது என் மனைவி, "அந்தக் கவரைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் பிரித்தேன்.

உள்ளே அட்டவணை இருந்தது. மூன்று தவணை கட்டி விலகினால் கட்டிய மொத்தத்தில் 30 சதவீதம். அதாவது 4,50,000-க்கு 1,35,000. மூன்றாவது தவணையாக ஒண்ணரை லட்சம் கட்டி, 1,35,000-ஐத் திரும்ப வாங்கப் போகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு. செக்கைக் கிழித்தேன். மூன்று லட்சம் போயிற்று. முதல் ஒண்ணரை லட்சத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், அன்றைய 8.7 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,262 ரூபாய் வந்துகொண்டிருந்திருக்கும். அசலும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் தபால் ஆபீஸில் யாரும் காபி கொடுப்பதில்லை.

காப்பீடே மோசம் என்று சொல்லவில்லை. வேலையில் இருக்கும்போது, நம்மை நம்பி நாலு பேர் இருக்கும்போது, அது வேண்டும்தான். சம்பளம் நின்றுபோன ஆளிடம் வருஷா வருஷம் கட்டச் சொல்லி விற்பதைத்தான் சொல்கிறேன்.

அதனால், யாராவது 'டெபாசிட் மாதிரி' என்று சொன்னால், 'மாதிரி' என்ற அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுங்கள். டெபாசிட்டா பாலிசியா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உயரம், எடை, பெற்றோரின் நோய் என்று படிவம் கேட்டால் அது டெபாசிட் இல்லை. கவர் வந்த அன்றே பிரியுங்கள். கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் காலம் என்பார்கள். என் காலத்தில் அது 15 நாள்தான் இருந்தது. ஸ்டாம்ப் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு மாதிரி கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள்.

30 நாள் தாண்டிவிட்டாலும் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஆம்புட்ஸ்மேன் என்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி கையை விரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு 2022-ல்தான் தெரிந்தது. 2024 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஒரு வருஷப் பிரீமியம் கட்டி நிறுத்தினாலும் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். எனக்கு அதுவும் பயன்படவில்லை.

அடுத்தவர் மாத்திரை

அவருக்குக் கேட்டது. அவருக்கு மட்டும்தான்.

விடியுமுன் நடை

நாய்கள்.

அந்தப் புதியவர்

மூன்றாம் நாள் அவர் பேசி முடித்ததும், "உயரம், எடையெல்லாம் கேட்டாங்களா?" என்றேன். டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கவர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவரும் பிரிக்கவில்லை. குளத்தங்கரையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனோம். பன்னிரண்டு வருஷம் கட்ட வேண்டிய பாலிசி, வருஷத்துக்கு இரண்டு லட்சம். கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பழைய தமிழாசிரியர், அதனால் வேண்டுகோளே ஒரு பக்கம் வந்துவிட்டது. அதை நாலு வரியாக்கினேன். வங்கியில் எங்களைக் கண்டதும் மேனேஜர் எழுந்து, "உள்ள வாங்க சார், காபி சொல்லட்டுமா?" என்றார். கவுன்டரிலேயே நின்று சீல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நேற்றோடு ஐந்து நாள். தினமும் நடை முடிந்து வீட்டுக்குப் போய், பத்து மணிக்கு வங்கி திறந்ததும் வாசலில் இருக்கும் மிஷினில் பாஸ்புக்கை விட்டு எடுக்கிறார். இன்னும் ஏறவில்லை. இப்போதெல்லாம் காபிக்கு அவரவர் காசு.