வருடக்கணக்கில் யாரும் தொடாத லினக்ஸ் சர்வரைப் பயமில்லாமல் அப்டேட் செய்வது எப்படி?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இருக்கும் ஒரு சங்கத்தின் இணையத்தள சர்வரை நண்பர் ஒருவர் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். உள்ளே போய்ப் பார்த்தால் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) 18.04, அப்டைம், அதாவது ரீபூட் இல்லாமல் ஓடிய காலம், 900 நாளுக்கு மேல். அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில் நாள் பாருங்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, சங்கத் தளத்தில் நிகழ்ச்சிப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும், அப்போது கை வைக்காதீர்கள்.

அடுத்தது பேக்கப். ஸ்னாப்ஷாட் (சர்வர் முழுவதையும் அந்த நொடியில் இருந்தபடியே எடுக்கும் நகல்) எடுத்தாயிற்று, போதும் என்று நினைக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் (தளத்தின் தகவல்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டில் டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் மாட்டியிருக்கலாம். அதனால் மைஎஸ்கியூஎல்டம்ப் போட்டுத் தனியாக ஒரு நகல், அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டர், தளத்தின் கோப்புகள், எல்லாவற்றையும் வேறு கணினிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் ஒரு சின்ன புது சர்வரை வாடகைக்கு எடுத்து, அந்த நகலை வைத்துத் தளத்தை எழுப்பிப் பாருங்கள். என்னுடைய முதல் டம்ப் கோப்பு 0 பைட். டிஸ்க் நிரம்பிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை, எழுப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

பேக்கப் சரி என்று தெரிந்ததும், எதையும் அப்டேட் செய்யாமல் ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாரோ எப்போதோ கையால் ஸ்டார்ட் செய்த சர்வீஸ் ரீபூட்டுக்குப் பிறகு எழாது. அதை இப்போதே கண்டுபிடித்தால் பிறகு அப்டேட்டின் மேல் பழி போட வேண்டாம்.

இனி டிஎஃப் மைனஸ் எச் போட்டு டிஸ்கில் இடம் பாருங்கள். பூட் பகுதி பழைய கெர்னல்களால் (லினக்ஸின் மையப் பகுதி) நிரம்பியிருந்தால் ஆப்ட் ஆட்டோரிமூவ் போட்டு நீக்குங்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டில் (அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைத்த மென்பொருள்களின் பட்டியல்) ஏதாவது வந்தால், ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதன்பின் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட், மறுபடி ரீபூட்.

பெரிய தாவலுக்கு, அதாவது அடுத்த உபுண்டு பதிப்புக்குப் போக, டூ-ரிலீஸ்-அப்கிரேட். 18.04இலிருந்து 24.04க்கு ஒரே பாய்ச்சலில் போக முடியாது, 20.04, 22.04 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். டிமக்ஸ் (டெர்மினலைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் கருவி) உள்ளே ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் ஓட்டினால் இந்தக் கட்டளை 1022 போர்ட்டில் (நுழைவு எண்) இன்னொரு வாசல் திறந்து வைக்கும், ஃபயர்வாலிலும் அதைத் திறந்துவிடுங்கள்.

நடுவில் "உங்கள் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றவா?" என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் நான் எஸ்எஸ்எச் கோப்புக்கு 'ஒய்' (மாற்று) தட்டிவிட்டேன். சர்வர் 22ஆம் போர்ட்டுக்குத் திரும்பிவிட்டது, ஃபயர்வாலில் திறந்திருந்ததோ 2222 மட்டும்! கிளவுட் கன்சோல் வழியாக நுழைந்துதான் சரிசெய்தேன். ஆகவே 'டி' தட்டி வித்தியாசத்தைப் பாருங்கள், சந்தேகமென்றால் 'என்' (பழையதே இருக்கட்டும்).

ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் தளத்தைப் பக்கம் பக்கமாகத் திறந்து பாருங்கள். 20.04இல் மைஎஸ்கியூஎல் 5.7 போய் 8.0 வரும், பிஎச்பி (தளத்தின் நிரல் ஓடும் மொழி) 7.2 போய் 7.4 வரும்; 22.04இல் பிஎச்பி 8.1, எங்கள் பதிவுப் படிவம் அங்கேதான் படுத்துவிட்டது. எல்லாம் ஓடினால் புது ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள், அடுத்த தாவல் அடுத்த ஞாயிறு.