கோட் ரிவ்யூவில் பயன்படும்படி கருத்து எழுதுவது எப்படி

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வதே கோட் ரிவ்யூ. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் அனுப்பிய ஒரு புல் ரிக்வெஸ்ட்டுக்கு (என் மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) ரிவ்யூ செய்தவரிடமிருந்து வந்த பதில் இரண்டே சொற்கள்: ‘சரியாக இல்லை.’ எது சரியில்லை என்று கேட்கத் தயங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதினேன். அவர் மனத்தில் இருந்தது ஒரே ஒரு வரி என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியிலுள்ள பேமெண்ட் சேவையை அழைக்கும் இடத்தில் டைம்அவுட் (பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) வைக்காமல் விட்டிருந்தேன். அந்தச் சேவை பதில் தராமல் நின்றால் எங்கள் செயலியும் கூடவே நின்றுவிடும். இதை அவர் இப்படியே எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

ஆகவே, கருத்து எழுதுபவர் பெறுபவரை ஊகிக்க விடக் கூடாது என்பதையே முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரி, எந்தச் சூழ்நிலையில் என்ன கெடும், இப்போதே திருத்தியாக வேண்டுமா அல்லது பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற மூன்றுக்கும் உங்கள் கருத்திலேயே விடை இருக்க வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் முழு மாற்றத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். முதலில் விளக்கக் குறிப்பு, அடுத்து டெஸ்டுகள் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்கள்), அதன் பிறகு நிரல் என்ற வரிசை எனக்குக் கைகொடுக்கிறது. எழுதியவர் எதைச் செய்ய நினைத்தார் என்பது டெஸ்டுகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்ணில் பட்டவுடன் எழுதிக்கொண்டே போனால், பத்தாவது வரியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு எண்பதாவது வரியில் விடை கிடக்கும். அடிப்படை வடிவமைப்பே மாற வேண்டும் என்று தோன்றினால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அழிக்கப்படப்போகும் ஃபங்க்‌ஷனில் மாறியின் பெயர் நன்றாக இல்லை என்று எழுதுவதால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆர்டர்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்று, லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளரின் பெயரைத் தரவுத்தளத்திலிருந்து தனித்தனிக் குவெரியாக, அதாவது தனித்தனியாகக் கேட்டு, எடுக்கிறது. ‘இது மெதுவாக ஓடும், மாற்றவும்’ என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் எழுதியவரின் கணினியில் அது வேகமாகத்தானே ஓடியது? அதையே இப்படி எழுதலாம்:

‘48ஆம் வரியில் லூப்புக்குள் வாடிக்கையாளர் விவரத்தை எடுக்கிறோம். 100 ஆர்டர்கள் இருந்தால், பட்டியலுக்கு 1, ஆர்டர்களுக்கு 100 என 101 குவெரிகள் போகும். டெஸ்ட் தரவில் 3 ஆர்டர்களே இருப்பதால் இது வெளியே தெரியவில்லை. வாடிக்கையாளர் எண்களை முதலில் திரட்டிக்கொண்டு ஒரே குவெரியில் எடுத்தால், மொத்தம் 2 குவெரிகளில் முடிந்துவிடும். மாதாந்திர அறிக்கையும் இதே ஃபங்க்‌ஷனைப் பயன்படுத்துவதால், மெர்ஜ் செய்யும் முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும்.’

இதில் ‘எடுக்கிறீர்கள்’ என்று எழுதாமல் ‘எடுக்கிறோம்’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மெர்ஜ் ஆகி, அதாவது பொது நிரலோடு சேர்ந்த பிறகு, அந்த நிரல் குழுவுக்குச் சொந்தம். இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால் எழுந்து பார்க்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன், நிரலைக் குழுவாக அமர்ந்து பரிசோதிக்கும் முறையை 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கூட்டத்தில் நிரலை எழுதியவரும் உடன் இருப்பார். இன்றைய புல் ரிக்வெஸ்ட்டில் முகமும் குரலும் இல்லை, எழுத்து மட்டுமே போய்ச் சேருகிறது. நம் குழுக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘இதை இப்படிப் பண்ணிப் பார்க்கலாமா?’ என்று தமிழில் இதமாகக் கேட்பவரே, ஆங்கிலத்தில் கருத்து எழுதும்போது ‘ஒய்?’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார். அவருக்கு அது வெறும் கேள்வி. பெறுபவருக்கோ அதட்டலாகக் கேட்கிறது. அனுப்பும் முன், இதையே அவர் மேசைக்கு அருகில் நின்று சொல்லியிருந்தால் எந்தச் சொற்களில் சொல்லியிருப்போம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாக்கியம் தானாகவே நீண்டுவிடும்.

கருத்தின் எடையைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது நல்ல வழக்கம். ‘கட்டாயம்’, ‘யோசனை’, ‘கேள்வி’ என்ற மூன்று அடையாளங்களே போதும். மிகச் சிறிய விஷயங்களுக்குப் பல குழுக்களில் ‘நிட்’ என்று முன்னால் போடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பேனின் முட்டை, அதாவது ஈர், என்று பொருள். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் பழக்கம் ரிவ்யூவில் எளிதாகத் தொற்றிக்கொள்வதால், இந்தச் சிறு அடையாளம் எழுதுபவரையே கட்டுக்குள் வைக்கிறது. இடைவெளி, அடைப்புக்குறி, வரி நீளம் ஆகியவற்றை மனிதர் சொல்லவே வேண்டாம். ஃபார்மேட்டர், லிண்டர் போன்ற தானியங்கிக் கருவிகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த அளவில் ஒப்புதல் தருவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூகுள் பொதுவில் வைத்திருக்கும் ரிவ்யூ வழிகாட்டி, மாற்றம் குறைகளற்றதாக இல்லாவிட்டாலும், நிரலின் ஒட்டுமொத்த நலனை உறுதியாக மேம்படுத்துமானால் ஒப்புதல் தரலாம் என்கிறது; பதில் தருவதற்கான உச்ச வரம்பாக ஒரு வேலை நாளை வைக்கிறது. இரண்டையும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். நான்கு நாள் கழித்து வரும் நல்ல கருத்தைப் பெறுபவர், அதற்குள் அடுத்த வேலையில் மூழ்கி, இந்த நிரலின் நுணுக்கங்களை மறந்திருப்பார்.

சீனியர் எழுதிய நிரலில் தவறு கண்டால் புதியவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கேள்வி வடிவம் கைகொடுக்கும்: ‘இந்தப் பட்டியல் காலியாக இருந்தால் 22ஆம் வரியில் என்ன ஆகும் என்று எனக்குப் புரியவில்லை, விளக்க முடியுமா?’ சீனியர்களும் ‘நல்லவேளை கேட்டீர்கள், இங்கே பிழை வரும்’ என்று எல்லோரும் பார்க்கும்படி அதே இடத்தில் பதில் எழுத வேண்டும். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த கேள்வி தயங்காமல் வரும்.

நன்றாகச் செய்ததையும் வரியோடு சுட்டிச் சொல்லுங்கள். ‘அருமை’ என்பதைவிட, ‘பணம் இரண்டு முறை பிடிபடாமல் இருக்க இந்தச் சோதனையைச் சேர்த்தது மிக நல்லது’ என்பது பயன் தரும். எதைத் தொடர வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது.

ஒரே கருத்தின் கீழ் பதிலுக்குப் பதில் மூன்று முறை போய்விட்டால் எழுத்தை நிறுத்திவிட்டு அழைத்துப் பேசுங்கள். பேசி முடிவானதை, அந்த உரையாடலில் இல்லாதவருக்கும் விளங்கும்படி, இரண்டு வரியில் அதே இடத்தில் பதியுங்கள். திருத்தம் வந்ததும் நீங்களே திரும்பிச் சென்று பார்த்து, நீங்கள் திறந்த கருத்தை நீங்களே மூடுங்கள்.