ஒத்திக்கும் வாடகைக்கும் வீடு பிடிக்கிறவர்கள் செய்கிற தப்புகள்

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. மே, ஜூன் வந்தால் போன் ஓயாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறவர்கள், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருகிறவர்கள், கல்யாணமான கையோடு தனிக்குடித்தனம் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் அலைவார்கள். இந்த வருடமும் பார்த்தேன், ஆள்தான் புதுசு, செய்கிற தப்பு பழசு. குழாயைத் திறந்து பார், கதவு சரியாகச் சாத்துகிறதா பார் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஒரிஜினல் பத்திரத்தைப் பார்க்காமல் ஒத்திக்குப் பணம் கொடுப்பது

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பதுதான் ஒத்தி. மாத வாடகை கிடையாது, கொடுத்த பணத்துக்கு வட்டியும் கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். சென்னையில் லீஸ் என்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

பெருமாள்புரம் பக்கம் ஒரு கீழ்வீடு, ஆறு லட்சம் ஒத்தி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தனியார் பள்ளியில் வாத்தியார்கள். என் மூலமாக வரவில்லை, யாரோ சொல்லி நேரே போய்ப் பேசி முடித்துவிட்டு, அக்ரிமென்ட் எப்படி எழுதுவது என்று கேட்க மட்டும் வந்தார்கள். பத்திரம் பார்த்தீர்களா என்றேன். "ஜெராக்ஸ் காட்டினார் அண்ணாச்சி, ஒரிஜினல் லாக்கர்ல இருக்காம்" என்றார் அந்தத் தம்பி. லாக்கரில்தான் இருந்தது, ஆனால் கடன் கொடுத்த பேங்க்கின் லாக்கரில். வில்லங்கம், அதாவது சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமான விவரம், போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். "நல்ல மனுஷர், கோயில் காரியத்துக்கெல்லாம் முன்னாடி நிற்பவர்" என்றார்கள். நல்ல மனுஷர்தான். தவணைதான் கட்டவில்லை.

அடுத்த வருடம் வாசலில் பேங்க் நோட்டீஸ் ஒட்டினார்கள். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் வாராக்கடனாகிவிட்டால் பேங்க் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை, நோட்டீஸ் கொடுத்து வீட்டை எடுத்து ஏலம் விடலாம். நான் போனபோது அந்த நோட்டீஸை மறைத்து ஒரு மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, மாமியார் ஊரிலிருந்து வருகிறார் என்று அந்தம்மா மாட்டியிருந்தார். ஆறு லட்சத்தில் பாதிக்குமேல் அவர் நகையை வைத்து எடுத்த பணம்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் எதற்கென்றால், இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கணக்குத் தொடங்கி, சர்வே நம்பரைப் போட்டால் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அதில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்தால் வீட்டுப் பத்திரம் கடனுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கடனுக்கு 'இரசீது' என்று ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கடன் அடைந்துவிட்டது. இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். கைமாற்றாகத் தனியாரிடம் பத்திரத்தை வைத்துக் காசு வாங்கியிருந்தால் அது வில்லங்கத்தில் வராது, அதனால்தான் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். 'சர்வே நம்பர் எதுக்கு, நம்பிக்கை இல்லையா' என்று கோபப்படுகிற ஓனரிடம் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை.

அப்புறம் அக்ரிமென்ட். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி சீல் வைத்தால் ஒத்தி ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒத்தி சட்டத்தின் கண்ணில் அடமானம், 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானமே பதிவாக வேண்டும், ஆறு லட்சத்தைக் கேட்கவா வேண்டும். பதியச் செலவு ஆகும், அதனால்தான் இரண்டு தரப்பும் தட்டிக் கழிக்கிறது. பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது, பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டு வாய்தாவுக்கு நடப்பதுதான்.

காலி பண்ணும்போதும் ஒரு குழி உண்டு. பெரும்பாலான ஓனர் அந்தப் பணத்தை என்றோ மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போட்டிருப்பார். "நீங்க காலி பண்ணிக் கொடுங்க, அடுத்த ஒத்திக்காரர் கொடுத்ததும் தாரேன்" என்பார். சாவியைக் கொடுத்துவிட்டால் உங்களிடம் என்ன இருக்கிறது? சாவியும் பணமும் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். அடுத்து வருகிறவர் பணம் கொடுக்கட்டும், உங்கள் கணக்கில் ஏறட்டும், அதுவரை ஒரு பீரோவையாவது உள்ளே விட்டுப் பூட்டி வையுங்கள்.

ஓனர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒத்தியைப் பதிந்திருந்தால், பணம் திருப்பிக் கொடுத்த அன்றே ரசீது ஆவணத்தையும் பதிந்துவிடுங்கள். ஆள் துபாய்க்குப் போனபிறகு கையெழுத்துக்கு அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும், வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாடகை மிச்சம் என்கிற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சும்மா கிடக்கிற ஆறு லட்சம் என்றால் 7 சதவீத டெபாசிட் வட்டியில் மாதம் 3,500 ரூபாய்தான் இழப்பு, லாபம்தான். நகையை வைத்து 12 சதவீதத்தில் எடுத்தது என்றால் மாதம் 6,000. அந்த விலைக்குச் சின்ன வீடு வாடகைக்கே கிடைக்கும், ஆறு லட்சத்தை நினைத்துத் தூக்கம் கெடாது.

பதினொரு மாதம் எழுதினால் பதிவே வேண்டாம் என்று நம்புவது

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பது 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பதினொரு மாத வழக்கம் வந்தது. ஆனால் நகர்ப்புறங்களுக்கான புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, எத்தனை மாதம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்குத் தனித் தளமும் இருக்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். வாடகைப் பாக்கியோ காலி செய்கிற சண்டையோ வந்து அந்த அதிகாரி முன் போய் நிற்கும்போது, பதியாத ஓனர்தான் முதலில் திணறுகிறார்.

அட்வான்ஸ்

வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான். காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழிக்கிற வழக்கம் இருந்தால் முதலிலேயே எழுதிவிடுங்கள், கடைசி நாளில் வாசலில் நின்று பேசாதீர்கள்.

தண்ணீர் ஏறின இடமா என்று ஓனரிடம் கேட்பது

ஓனரிடம் கேட்டால் "இங்கெல்லாம் வரலை" என்றுதான் சொல்வார். பக்கத்துப் பலசரக்குக் கடையில் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கி, ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை என்று ஆற்றோரமெல்லாம் தண்ணீர் புகுந்தது. கடைக்காரர் எந்தப் படி வரைக்கும் நின்றது என்று விரலால் காட்டுவார். இந்தப் பக்கம் கீழ்வீட்டில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பீரோவும் பிரிட்ஜும் எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு வாடகையைப் பேசுங்கள்.

ஒரே கரண்டு கனெக்‌ஷனில் இரண்டு குடித்தனம்

இது ஓனர்கள் செய்கிற தப்பு. இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மாடிக்காரர் ஏசி போடுவார், கீழே இருக்கிற பாட்டி ஒரு ஃபேன்தான் போடுவார், சப்மீட்டர் கணக்கில் இரண்டு பேருக்கும் யூனிட் ஒரே விலை. பாட்டியின் மகன் ஒருநாள் வந்து நிற்பார். தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.

ரசீது

ஜிபேயில் அனுப்பினாலும் எந்த மாத வாடகை என்று எழுதி அனுப்புங்கள்.

ஓனர் நினைத்த நேரத்துக்கு வருவது

24 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு வரவேண்டும். சட்டம் அப்படித்தான்.

ஆடியில் வீடு தேடாமல் இருப்பது

குடிபோகத்தான் கூடாது, பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? காலியாகக் கிடக்கிற வீட்டுக்காரர் அந்த ஒரு மாதம்தான் இறங்கிப் பேசுவார். மேயில் எட்டாயிரம் கேட்டவர் ஆடியில் ஏழுக்கு வருவார். பேசி முடித்து, எழுதிக்கொண்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சுங்கள்.